கூலர் மறைத்த இடம்

"அம்மா, இந்தக் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் பத்தலை," என்றார் நாவுக்கரசு.

மடத்தை நடத்தும் மரகதவல்லி அம்மா ஆற்றில் குளித்துவிட்டு, தோட்டத்து வழியாக அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தார். தலை ஈரம்கூடக் காயவில்லை.

"அதுக்கு எதுக்கு அவ்வளவு ஞாபகம்?"

"உங்க பேச்சையெல்லாம் வெட்டி ஒட்டிப் படமாக்கணும்லா. நாலு துண்டைச் சேர்த்தாலே உறைஞ்சு நின்னுடுது. புது ரேம் வாங்கி வெச்சிருக்கேன். மாட்ட முடியலை."

"இடம் இல்லையா?"

"இடம் இருக்கு. சூட்டைத் தணிக்கிற கூலர் மறைச்சுக்கிட்டு நிக்குது."

நாவுக்கரசு அம்மாவைவிட வயதில் மூத்தவர். மின்சார வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பாபநாசம் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தவர். வந்ததும் இரண்டு வேலைகளைத் தாமே எடுத்துக்கொண்டார். ஒன்று கம்ப்யூட்டர், மற்றது வாசல். இரண்டையும் யாரும் அவரிடம் கொடுக்கவில்லை.

வாசல் மணி அடித்தால் போதும். வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே, சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"அம்மா மௌனத்துல இருக்காங்க. வியாழக்கிழமை வாங்க."

அம்மா அந்த நேரம் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது நாவுக்கரசின் காதுக்கும் வந்தது. மனிதர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அம்மா குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். உரித்த தேங்காய் அளவுக்குக் கூலர் உட்கார்ந்திருந்தது. அதன் காற்றாடி, ரேம் மாட்டும் பள்ளங்களின் மேல் பாதி கவிந்திருந்தது.

"இவ்வளவு பெருசு எதுக்கு?"

"அடியில இருக்கிற பிராசஸர்தான்மா இதுக்கு மூளை. அது சூடேறினா எல்லாம் போச்சு. அதான் கடையில இருந்ததுலயே பெருசா பார்த்து வாங்கினேன்."

"எப்பவாவது சூடேறிச்சா?"

"ஏற விட்டாத்தானே?"

"சின்னதா ஒண்ணு மாட்டினா?"

"கொஞ்சம் சூடேறும்."

"செத்துப்போகுமா?"

நாவுக்கரசு யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"போகாது. இந்த வேலைக்குச் சின்னதே போதும்."

"அப்ப இது யாருக்காக?"

நாவுக்கரசு பேச்சை மாற்றினார்.

"வாசல்லயும் அப்படித்தாம்மா. உங்களை ஒருத்தரும் தொந்தரவு பண்ணாம பார்த்துக்கிடுதேன். இன்னைக்குக் காலையிலகூட யாரோ வந்து மணி அடிச்சாங்க. ஒரு குரல்தான் கொடுத்தேன், போயிட்டாங்க."

"யாருன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தா பேச்சு வளரும்மா."

அம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கூலரைக் கழட்டுங்க," என்றார்.

நாவுக்கரசு திருகாணிகளைக் கழற்றினார். நேற்று மாலையே நிறுத்திவைத்த கம்ப்யூட்டர் அது. இரண்டு கையாலும் கூலரைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்தார்.

படக்கென்று ஒரு சத்தம்.

கூலர் கைக்கு வந்துவிட்டது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் வந்திருந்தது. பலகையில் அதைப் பிடித்திருந்த பூட்டு பூட்டியபடியே இருக்க, அதிலிருந்து பிய்ந்து வந்திருந்தது.

நாவுக்கரசு கூலரைக் கீழே வைக்கவும் தோன்றாமல், கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, அதை அவர் கையிலேயே பார்த்தார்.

"நான் கூலரைத்தாம்மா இழுத்தேன்."

"இது ஏன் கூடவே வந்தது?"

"நடுவுல பசை இருக்கு. ஆறிட்டா இறுகிப் பிடிச்சுக்கும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "கொஞ்ச நேரம் ஓட விட்டுச் சூடேத்தி, மெதுவா அப்படியும் இப்படியும் திருகித்தான் எடுக்கணும். எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சே இழுத்துட்டேன்."

"உடைஞ்சுடுச்சா?"

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிராசஸரின் அடியில் மயிரிழை போல வரிசையாகக் கம்பிகள். ஓரத்தில் சில சாய்ந்திருந்தன.

"வளைஞ்சிருக்கு. உடையலை. நிமிர்த்திடலாம்."

"அப்ப உட்காருங்க," என்றார் அம்மா.

அடுப்படிக்குப் போய்த் தாமே சுக்குக்காப்பி போட்டுக்கொண்டு வந்தார். டம்ளரை அவர் கையில் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடிக்கும்வரை காத்திருந்தார்.

"மங்கையர்க்கரசி எப்படி இருக்கா?"

நாவுக்கரசு திடுக்கிட்டார். மகளின் பெயரை அந்த மடத்தில் அவர் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தார், வந்து சேர்ந்த அன்று.

"தெரியலைம்மா. எனக்குப் பிடிக்காத இடத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டா. பேசக் கூடாததைப் பேசிட்டேன். அதுக்கப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது? இங்க வந்துட்டேன்."

"சின்னப் பிள்ளையில எப்படி இருப்பா?"

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைக்காலத்துல லைன் வேலைன்னு கூப்பிடுவாங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பா. கம்பத்துல இருக்கேனா, கீழ விழுந்துட்டேனான்னு பயம் அவளுக்கு. என் செருப்புச் சத்தம் கேட்டா போதும், தட்டுறதுக்கு முன்னாலேயே திறந்திடுவா."

கண்ணீர் மீசையில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"அவ இப்ப நம்ம வாசல்ல வந்து நின்னா என்ன செய்வீங்க?"

"ஓடிப் போய்த் திறப்பேன்மா."

"திறக்கலையே."

"என்னது?"

"இன்னைக்குக் காலையில வந்தாளே. வியாழக்கிழமை வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டீங்களே."

தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது நாவுக்கரசுக்கு. டம்ளர் சாய்ந்து காப்பி விரல்களில் கொட்டியது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

"அவதான்னு... அவதான்னு எனக்குத் தெரியாதேம்மா."

"அவளுக்கு உங்க குரல் தெரியும். அப்பாதான் வேண்டாம்னு சொல்றாருன்னு நினைச்சு அழுதுக்கிட்டே ஆத்துப் பக்கம் வந்தா. இடுப்புல பிள்ளை. படித்துறை மண்டபத்துல உட்கார வெச்சிருக்கேன். மத்தியான பஸ் வர்ற வரைக்கும் இருப்பா."

நாவுக்கரசு எழுந்து வாசலுக்கு ஓடினார். தினமும் தாமே இழுத்துப் போடும் தாழ்ப்பாள் இன்று கைக்கு அகப்படாமல் நழுவியது. ஒருவழியாகத் திறந்து வெளியே கால் வைத்தார். பழக்கம் விடுமா? ஒரு கை பின்னால் போய்க் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தது.

"திறந்தே கிடக்கட்டும்," என்றார் அம்மா உள்ளேயிருந்து.

அவர் திரும்பிப் பார்த்தார். அம்மாவிடம் அவர் கோபப்பட்டது அதுதான் முதல் முறை.

"உள்ள வந்ததும் ஏன்மா சொல்லலை? எம்பொண்ணு அங்க அழுதுக்கிட்டு இருக்கா. நீங்க கம்ப்யூட்டரைப் பத்திக் கேட்டுக்கிட்டு, காப்பி போட்டுக்கிட்டு..."

"வந்ததும் உங்களைத்தான் பார்த்தேன், நாவுக்கரசு," என்றார் அம்மா. "ஆறி இறுகிப்போயிருந்தீங்க."