முழங்கால் விட்ட வாசனை

உடம்பின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையேறிக் கிழங்கு தோண்டிப் பிழைத்த செங்காயியின் முழங்காலுக்குப் பயம் கொஞ்சம் அதிகம்.

அவள் உடம்புக்குள் காவலர்கள் இருந்தார்கள். இன்று மருத்துவர்கள் பி செல்கள் என்கிறார்களே, அவர்கள்தான். எலும்பு மஜ்ஜையில் பிறந்து மண்ணீரலிடம் போவார்கள். தன்னவர் யார், அந்நியர் யார் என்று தெரிகிறதா என மண்ணீரல் சோதிக்கும். தேறியவர்களுக்குத்தான் அம்பு செய்யும் உரிமை. எதிர்ப்பொருள் என்று இப்போது அந்த அம்புக்குப் பெயர். தேறாதவர்கள் அங்கேயே உயிரை விடவேண்டும். கொடுமைதான், ஆனால் அதனால்தான் உள்ளே சண்டை இல்லாமல் இருந்தது.

காவலர்களுக்குக் கண் கிடையாது. வாசனை வரும் பக்கம் போவார்கள். கீமோகைன் என்று அதற்கு இப்போது பெயர். காயம் பட்ட இடம் வாசனை விடும், ஆறியதும் நிறுத்திவிடும்.

ஒரு மழைநாளில் செங்காயி பாறையில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் வாசனை விட்டது. காவலர்கள் வந்து கிருமிகளைக் கொன்றார்கள். புண்ணும் ஆறியது. வாசனையை நிறுத்தும்படி மண்ணீரல் சொல்லி அனுப்பியது. முழங்கால் கேட்கவில்லை. மறுபடி விழுந்தால் என்ன செய்வது, காவலர்கள் பக்கத்திலேயே குடியிருக்கட்டுமே என்றது.

வாசனை மஜ்ஜை வரை எட்டிவிட்டது. அப்போதுதான் பிறந்த காவலர்கள் மண்ணீரல் பக்கமே போகாமல் நேராக முழங்காலில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் குருத்தெலும்பைத் தடவிப் பார்த்தான்.

"நீ யாரு? உன்னை எனக்குத் தெரியலையே," என்றான்.

"உன்னைக் கூப்பிட்டதே நான்தானப்பா," என்றது முழங்கால்.

"வாசனை கூப்பிட்டுச்சு, வந்தேன். நீ யாருன்னு எனக்கு யாரும் சொல்லலை."

மண்ணீரலிடம் போயிருந்தால் சோதனையில் தேறாமல் அவன் அன்றைக்கே செத்திருப்பான். இங்கேயோ முழங்கால் விட்ட வாசனை அவனைச் சாகவிடாமல் வைத்து, தெம்பு கொடுத்து, பெருகவும் வைத்தது. அவன் அம்பு செய்தான். அது முழங்காலிலேயே பாய்ந்தது. முழங்கால் வீங்கியது. வலி பொறுக்காமல், தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது. இன்னும் பலமாக வாசனை விட்டது.

மறுநாள் காலையில் செங்காயியால் காலை மடக்க முடியவில்லை. மலை எதிரிலேயே இருந்தது. பாவம், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

சிலருக்கு விடிந்ததும் மூட்டு வீங்கி இறுகிக்கொள்வது அன்றைக்குத் தொடங்கியதுதான். தன்னை அடிக்கிறவர்களையே அந்த மூட்டு இன்னமும் உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.