யானைச்சுவடியும் கிடாரிக் கன்றும்

அந்த மலையூரில் மழைக்காலம் முடிந்ததும் எல்லார் கண்ணும் காட்டுத் தரையில்தான் இருக்கும். மரநிழலில், யானை மிதித்த தடம்போல மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் யானைச்சுவடிச் செடி. அதன் நடுத்தண்டில் அவ்வாண்டின் முதல் ஊதாப் பூவைக் கண்டவர் பறிக்கக் கூடாது. ஊர் வந்து பார்க்கும்வரை, ஆடு வாய் வைத்துவிடாமல் செடியருகிலேயே இருந்து, "பூத்தாச்சு!" என்று கூவ வேண்டும். கூவியவருக்கு ஊர்ப் பொதுவிலிருந்து ஒரு கிடாரிக் கன்று. இதுதான் முறை.

மருதாயியின் மாடு கோடையில் செத்துப்போனது. வெறும் கட்டுத்தறியைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்டவளின் காலடியில், வேங்கை மரத்தடியில், அன்று காலை அந்தப் பூ நின்றது!

கூவ வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. சோளக்கொல்லைப் பரணில் முந்தின நாள் பகலெல்லாம் கிளி விரட்டிக் கத்தியதில் தொண்டை அடைத்துப் போயிருந்தது. மறுபடியும் முயன்றாள். பூனைக்குட்டி சீறியதுபோல் ஒரு சத்தம். ஊருக்குள் ஓடலாமென்றால், மேட்டில் ஆட்டுமந்தை இறங்கிக்கொண்டிருந்தது. கையைத் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள்.

புதரை விலக்கிக்கொண்டு சடையன் வந்தான். அவளுக்குக் கொழுந்தன் முறை. அவனும் பூத் தேடித்தான் அலைந்துகொண்டிருந்தான். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, பூவைக் காட்டி, அவனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"என்ன அண்ணி, கிளி தொண்டையையும் கொத்திக்கிட்டுப் போயிருச்சா?" என்று சிரித்தவன், ஒரே ஓட்டமாக மேலே இருந்த பாறையில் ஏறினான். "பூத்தாச்சு! பூத்தாச்சு!"

மலையே அதிர்ந்தது. பறையும் குலவையுமாக ஊர் திரண்டு வந்தபோது, மருதாயி இரண்டு ஆடுகளைக் குச்சியால் தள்ளிக்கொண்டு பூவை மறைத்து நின்றாள்.

"கூவினது யாருப்பா?" என்றார் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர்.

"நான்தானுங்க" என்று பாறையிலிருந்து இறங்கினான் சடையன். "அண்ணிதான் முதல்ல பார்த்துச்சு, இல்லேங்கல. ஆனா பார்த்தவங்களுக்கா கன்னு? கூவினவங்களுக்குத்தானே!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. மருதாயி மட்டும் கத்த முடியாமல் கண் கலங்கினாள்.

கேட்டுக்கொண்டிருப்பவரே, நீங்கள் ஊர்க்கவுண்டராக இருந்தால் கன்றை யார் கையில் கொடுப்பீர்கள்?

விடை: கன்று மருதாயிக்கே. ஊர்க்கவுண்டர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நீ பாறை ஏறினப்போ பூவை யாருகிட்ட விட்டுட்டுப் போன?" "அண்ணிகிட்டதானுங்க" என்று சடையன் தலையைச் சொறிந்தான். செடியருகே இருந்து கூவுவதுதான் முறை. அவன் விலகிப் போய்க் கூவினான். காவல் இருந்தவள் கேட்டு, அவளுக்காகப் போன குரல் அது; அவளே கூவியதாகத்தான் கணக்கு. கன்றின் கயிற்றை வாங்கிய மருதாயி அவன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். மறுபடியும் காற்றுதான்.

"விடுங்க அண்ணி," என்றான் சடையன், "திட்டுறது நல்லாவே புரியுது."