நாலு ஜாடியும் ஒரு மீசையும்

"கள்ளுக் குடித்து விழுந்தவன் மறுநாள் எழுந்து ஏர் பிடிக்கிறான்! அதெல்லாம் ஒரு வீரியமா?"

"உம்முடைய கப்பல் மது மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு ஜாடி குடித்துவிட்டு நான் குதிரை ஏறவில்லையா?"

"ஏறினீர், சேனாபதியாரே. வால் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ஏறினீர்!"

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு ராஜசபை இப்படித்தான் நடந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள்; பெயர் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சேனாபதியோடு மல்லுக்கு நின்றவர் மதுச்சாலை அதிகாரி அனந்தபூபதி. 'ஒரு துளி சிந்தினாலும் பாவம்' என்பது அவர் கொள்கை. ஊற்றி முடித்த அகப்பையைக்கூட நக்கிவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவார் என்று அரண்மனைப் பெண்கள் சொல்வார்கள். கண்ணால் பார்த்தவர்கள் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

சண்டைக்குக் காரணம் விஜயதசமி. அன்றைக்கு, இருக்கிற மதுவிலேயே எது கடுமையோ அதைக் கொண்டுவந்தவருக்கு ராஜா தம் கையால் பரிவட்டம் கட்டுவது அந்த நாட்டு வழக்கம். சென்ற வருஷம் சுவைத்துச் சொல்ல உட்கார்ந்த புலவர், மூன்றாம் கிண்ணத்தில் மகாராணியை 'மதினி' என்று கூப்பிட்டார். அடுத்த கிண்ணத்தில் தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். தீர்ப்பு மட்டும் வரவில்லை.

ராஜா உக்கிரகேசரி பெருமூச்சு விட்டார். "குடித்தவனுக்குப் புத்தி நிற்பதில்லை. குடிக்காதவனுக்கு விஷயம் தெரிவதில்லை. யாரைத்தான் கேட்பது?"

அனந்தபூபதி மீசையைத் தடவினார். "மகாராஜா! நம் விகடகவி கஞ்சமலை மதுவைத் தொடாதவர். புத்தியிலோ அவருக்கு நிகரில்லை என்று தாங்களே அருளியிருக்கிறீர்கள். குடிக்காமல், முகராமல், தங்கள் கண்ணுக்குத் தெரியும்படி எது கடுமை என்று அவரே காட்டட்டுமே. காட்ட முடியாவிட்டால், புத்தி இல்லாதவருக்கு இந்த நாட்டில் என்ன வேலை?"

ராஜாவுக்கு இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. "சரி! விஜயதசமியன்று காட்டு, கஞ்சமலை. இல்லையேல் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டு!"

கஞ்சமலை சிரித்துக் கும்பிட்டான். சிரிப்பு உதட்டோடு சரி. அவன் குடிக்காததற்கு ஒழுக்கம் காரணமில்லை. குடித்தால் உண்மை பேசிவிடுவான். உண்மை பேசும் விகடகவிக்கு ஆயுசு குறைவு. அதைவிட, மகள் செங்கமலத்துக்கு அப்போதுதான் நிச்சயதாம்பூலம் மாற்றியிருந்தார்கள். நாடு கடத்தப்படுகிறவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

பயந்தபடியே ஆயிற்று. அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தட்டைப் பார்த்தவன் வாசற்படியில் முட்டியை இடித்துக்கொண்டு உள்ளே போய், அடுப்படியில் உட்கார்ந்துவிட்டான். மனைவி கோமளை பட்டைச் சாராயத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு வந்து தேய்த்தாள்.

"ஆடாம இருங்க! தைலம் வாங்கத்தான் வக்கில்லை, இதாவது தேய்க்க விடுங்க. எந்த ஊருக்குப் போறதா உத்தேசம்? சட்டி பானையைக் கட்டணுமே."

"சும்மா இரேன், கோமளை. தலையே வெடிச்சுடும்போல இருக்கு."

"அதுக்கும் தேய்க்கட்டுமா?" என்று அவள் கையை உதறினாள். தெறித்த துளி அடுப்பில் விழுந்தது. குப்பென்று நீலமாய் ஒரு சுடர் எழும்பி அடங்கியது.

கஞ்சமலை முட்டியை மறந்து எழுந்து நின்றான். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். இன்னொரு சுடர்.

ரகசியம் அவர்களுக்குள்ளேயே இருந்திருக்கும். கோமளை கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும்தான் சொன்னாள். அவள் குடம் வீடு போய்ச் சேருமுன் சேதி மதுச்சாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

விஜயதசமி. முந்தின இரவு மதுச்சாலைக் காவலில் இருந்த நாலு ஜாடியும் சபைக்கு வந்தன: பனங்கள், மலைத்தேன் தேறல், கப்பலில் வந்த திராட்சை மது, பட்டைச் சாராயம். அவற்றைக் கொண்டுவந்தவர்கள் வாசலில் பரிவட்டக் கனவோடு காத்திருந்தார்கள். சாராயம் காய்ச்சுகிறவர் சார்பில் வந்தவன் அவர் மகன் சோலையப்பன்.

கஞ்சமலை பஞ்சுத்திரிகளை எடுத்தான். "மகாராஜா! கண்ணுக்குக் காட்டச் சொன்னீர்கள். கண்ணுக்குக் காட்ட வெளிச்சத்தைவிட வேறென்ன உண்டு? எது கடுமையோ அது எரியும்."

கள்ளில் நனைத்த திரியை விளக்கில் காட்டினான். புஸ்ஸென்று அணைந்தது. தேறலும் அணைந்தது. கப்பல் மதுவும் அணைந்தது. சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நான்காவது திரியைச் சாராய ஜாடியில் முக்கி எடுத்து விளக்கில் நீட்டினான்.

புஸ்.

மறுபடி நனைத்தான். மறுபடி புஸ். கண்ணெதிரே சட்டி பானை மூட்டையும் எல்லைக்கல்லும்தான் தெரிந்தன.

அனந்தபூபதி விழுந்து விழுந்து சிரித்தார். "பார்த்தீர்களா, மகாராஜா! மதுவாவது, எரிவதாவது! தண்ணீர் எரியும் என்று நம்புகிற ஆள் இவர்!"

சிரிப்பில் அவர் ஆசனத்தோடு சற்றே சாய்ந்தார். மீசை நுனி இரண்டும் ஈரமாய்த் தொங்கின. கஞ்சமலை அதைப் பார்த்தான். ஒரு துளி சிந்தினாலும் பாவம் என்கிறவர். ஜாடியில் தண்ணீர் ஊற்ற இடம் வேண்டுமென்றால், அதிலிருந்த சாராயத்தை இவர் எங்கே கொட்டியிருப்பார்?

அவன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மகாராஜா, ஜாடியில் சாராயத்தைக் காணோம். காணாமல் போன பொருளை விளக்கை வைத்துத்தானே தேடவேண்டும்? தேட உத்தரவு கொடுங்கள்."

"தேடு."

ஆசனத்தின் அடியில் தேடினான். தூணுக்குப் பின்னால் தேடினான். பிறகு நேரே அனந்தபூபதியிடம் வந்து, சுடரை அவர் மீசையருகே கொண்டுபோனான்.

"அடப்பாவி! கொண்டுவராதே! பற்றிக்கொள்ளும்!" என்று அலறி, அவர் ஆசனத்தோடு மல்லாந்து விழுந்தார்.

ராஜா மெதுவாகக் கேட்டார்: "எது பற்றிக்கொள்ளும், பூபதியாரே? மது எரியாது என்று இப்போதுதானே சொன்னீர்?"

அனந்தபூபதி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வாசனை வருமே!

"வாசலில் வேறு ஜாடி இருக்கிறதா?" என்று ராஜா கேட்ட மாத்திரத்தில், சோலையப்பன் கைக்காவலாக வைத்திருந்த சிறு சாராயக் கலயத்தோடு ஓடிவந்தான். கஞ்சமலை புதுத்திரியை அதில் நனைத்து நீட்டினான். நீலச் சுடர் குப்பென்று எழும்பி, நின்று எரிந்தது. ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது.

"கண்ணால் கண்டேன்! ஆனால் மற்ற மூன்றில் எது பெரிது?"

"அதைக் குடித்தவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும், மகாராஜா. பரிவட்டம் ஒன்றுதானே இருக்கிறது?"

ராஜா மறுபடி சிரித்தார். பரிவட்டம் சோலையப்பன் தலையில் ஏறியது. கஞ்சமலைக்குப் பொற்கிழியும், மதுச்சாலைச் சாவியும் கிடைத்தன. குடிக்காதவன் கையில் சாவி இருப்பதே கஜானாவுக்கு லாபம் என்று ராஜா கணக்குப் போட்டார்.

மறுநாளே மாப்பிள்ளை வீட்டார் அதே தாம்பூலத் தட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். செங்கமலம் தட்டைப் பார்த்தாள். "அப்பா, இதிலும் ஒரு திரியை நனைச்சுக் காட்டுங்க. பத்திக்குதான்னு பார்ப்போம்" என்றாள். தட்டு வந்த வழியே போயிற்று.

அனந்தபூபதி மீசையை மழித்துக்கொண்டு மாமனார் ஊருக்குக் குடிபோனார். அங்கே விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் கொல்லைப்பக்கம் போய்விடுகிறாராம். செங்கமலத்தைத் தையில் சோலையப்பன் கட்டிக்கொண்டான். அவர்கள் வீட்டில் அடுப்பை யாரும் ஊதி எரியவைப்பதில்லை என்று பேச்சு.