சிலம்பாயி உப்பு பார்த்த கதை

அந்தக் காலத்தில், பூவும் பூதமும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்தபோது, மேற்குக் குன்றில் அமிலன் இருந்தான். அவன் தொட்டால் இரும்பும் கரையும். கிழக்குக் குன்றில் காரன். அவன் தொட்டால் தோல் வழுவழுத்து உரியும். இரண்டும் தண்ணீர் போல ஓடும் பூதங்கள். ஊருணி யாருக்கு என்று இரண்டுக்கும் சண்டை. எது அதில் இறங்கினாலும் ஊரின் குடிதண்ணீர் கெட்டுவிடும்.

ஊரே மூட்டை கட்டிக் கிளம்பியது. நிறைமாதமாக இருந்த சிலம்பாயியால் நடக்க முடியவில்லை. ஊருணிக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கிழக்கத்தியான் என்ன சாதிப் பூதம்?" என்று கரையில் பூத்திருந்த நீலச் சங்குப்பூவைக் கேட்டாள்.

"உடம்பெல்லாம் காரம், அக்கா."

பூ சொன்னது சுண்ணாம்பு, சவுக்காரம் போன்ற காரம். சிலம்பாயி அதை மிளகுக் காரம் என்று நினைத்துவிட்டாள். "இதுக்கா இந்த ஓட்டம்? காரம் மிஞ்சினா புளியை ஊத்த வேண்டியதுதானே. மேற்கத்தியான்தான் ஒரே புளிப்பாச்சே."

"அளவு தப்பினா போச்சு. என்னைப் பறிச்சு உள்ளே போடு. காரம் மிஞ்சினா பச்சையாவேன், புளிப்பு மிஞ்சினா சிவப்பேன். ரெண்டும் சரியானா என் நீலம் வந்துரும்."

பூதங்கள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டே வந்து சேர்ந்தன. சிலம்பாயி ஒரு வறண்ட பாறைக்குழியைக் காட்டினாள்.

"எட்ட நின்னு ஏசுறதுக்கு எங்க ஊர்ப் பொம்பளைங்க போதும், அண்ணாச்சி. இதுல இறங்கி மோதுங்க. ஜெயிச்சவருக்கு ஊருணி."

காரன் முதலில் குதித்தான். அவள் போட்ட பூ பச்சையானது. அமிலன் மேலே பாய்ந்தான். குழி கொதித்தது, ஆவி பறந்தது. இறங்க இறங்கத் தான் காணாமல் போவதை அமிலன் கண்டுகொண்டான். ஒற்றைக் கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நான் வீட்டுக்குப் போறேன், தங்கச்சி" என்றான்.

பூ இன்னும் பச்சைதான். தன் மூட்டையில் இருந்த அம்மிக்குழவியை எடுத்து அமிலனின் அந்தக் கையையும் உள்ளே தள்ளினாள்.

பூ நீலமானது. அமிலனும் இல்லை, காரனும் இல்லை. குழி நிறையத் தெளிந்த தண்ணீர்.

ஆவியைக் கண்டு ஊரார் திரும்பி ஓடி வந்தார்கள். யாருக்கும் தொடத் துணிவில்லை. சிலம்பாயி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். எரியவில்லை. அதுவரை யாரும் அறியாத ஒரு ருசி. ஆனால் சூடு தாங்காமல், "உப்பூ, உப்பூ" என்று ஊதினாள்.

"அதுக்குப் பேர் உப்பாம்" என்று ஊரார் கூத்தாடினார்கள். வெயிலில் குழி வற்ற, வெள்ளை வெளேரென்று மிஞ்சிய உப்பை அள்ளிக்கொண்டார்கள்.

அன்று முதல்தான், புளியும் காரமும் கொதித்து அடங்கியதும், குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, ஊதி, நம் பெண்கள் உப்பு பார்க்கிறார்கள்.