மிளகு யார் கூட சாப்பிடும்?

ஒரு ஊர்ல ஒரு கறுப்பு நாய் இருந்துச்சாம். பேரு மிளகு. ம் சொல்லு. ம்... அது ஆபீசர் சிங்காரவேலு வீட்டு நாய். அவரும் அவர் சம்சாரம் கோமளாவும் ஒரு கல்யாணத்துக்காக மூணு நாள் வெளியூர் போகணும். மிளகை எங்க விடறது?

போன தடவை ஊருக்குப் போனப்போ நாலு நாள் பக்கத்து வீட்டுல விட்டாங்க. நாலு நாளும் அது தட்டைத் தொடல. திரும்பி வந்து பாத்தா விலா எலும்பை எண்ணலாம்! கோமளா அழுதே அழுதா. அதனால இந்தத் தடவை நல்ல நாய் விடுதியா பாக்கலாம்னு கிளம்பினாங்க.

எப்படிக் கிளம்பினாங்க தெரியுமா? அவரு பட்டு வேட்டி, அவ பட்டுப்புடவை, கையில ஒரு சீப்பு வாழைப்பழம். பொண்ணு பாக்கப் போற மாதிரியே! மிளகு ஆட்டோவுல காலடியில கிடந்துச்சு.

முதல் விடுதி. கண்ணாடிக் கதவு, சொய்ங்னு திறந்துச்சு. ஜில்லுனு ஏசி. மேனேஜர் கேசரி குடுத்தார். லபக் லபக்.

"நாய்ங்க இருக்கற இடத்தைப் பாக்கலாமா சார்?"னு கோமளா கேட்டா.

"யாரையும் உள்ள விட மாட்டோம்மா. அதுங்க ஓய்வெடுக்குது."

"பாத்தியா, எவ்வளவு மரியாதை!"ன்னார் சிங்காரவேலு. மிளகு வாலை உள்ள இழுத்துக்கிச்சு.

அப்புறம் ரெண்டாவது விடுதி. அங்க வெங்காய பஜ்ஜி. மொறுக் மொறுக். சுவர் பூரா நாய் நீஞ்சற படம்.

"குளத்துல தண்ணியே இல்லையே?"ன்னா கோமளா.

"படத்துல இருக்கே மேடம்."

மிளகு 'அச்சூ'ன்னு தும்முச்சு. சிங்காரவேலு கையைத் துடைச்சுக்கிட்டு, "பஜ்ஜி பிரமாதம். இங்கயே முடிச்சுடலாம்"னார்.

"பஜ்ஜி உங்களுக்கா, மிளகுக்கா? பொண்ணு பாக்கப் போறவங்ககூட பொண்ண ஒரு தடவை பாப்பாங்க. நீங்க நாய்ங்க படுக்கற இடத்தை எட்டிக்கூடப் பாக்கல!"

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் மூணாவது விடுதி. தகரக் கூரை. பினாயில் வாசனை. லொள் லொள்னு ஒரே சத்தம். பிலோமினான்னு ஒரு அம்மா ஈரக் கையோட வந்தாங்க. காப்பிகூடக் குடுக்கல.

"தடுப்பூசி அட்டை எங்க? அது இல்லாம சேத்துக்க மாட்டேன்."

"நம்மளையே கேள்வி கேக்கறாங்களே!"ன்னு அவருக்குச் சுருக்குனு இருந்துச்சு.

அட்டையைப் பாத்துட்டு, "உள்ள வாங்க"ன்னு ஒவ்வொரு அறையா காட்டினாங்க. காஞ்ச தரை. கிண்ணம் நிறைய நல்ல தண்ணி. அப்புறம் மிளகு பக்கத்துல குத்த வெச்சு உக்காந்தாங்க.

"எதுக்குப் பயப்படும்?"

"இடிக்கு"ன்னா கோமளா.

"எப்படிச் சாப்பிடும்?"

சிங்காரவேலு கூரையைப் பாத்தார். கோமளா அவரைப் பாத்தா.

"அது... நான் தரையில பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாத்தான் அதுவும் சாப்பிடும்."

"இதைப் பக்கத்து வீட்டுல சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேனே, ஏங்க சொல்லல?"ன்னா கோமளா.

"ஆபீசர் நாயோட உக்காந்து சாப்பிடறாருன்னு சிரிப்பாங்களேன்னு..."

"உங்க மானத்துக்கு அது நாலு நாள் பட்டினி!"

பிலோமினா சிரிக்கல. நோட்டுல எழுதிக்கிட்டாங்க. மிளகு அவங்க செருப்பு மேல தலையை வெச்சுப் படுத்துடுச்சு. அப்புறம் என்ன, அங்கயே விட்டாங்க.

கல்யாண மண்டபத்துல முதல் பந்தி போட்டாங்க. சிங்காரவேலு உக்காரல. ரெண்டாவது பந்தி. ம்ஹும். மூணாவது பந்தி நடக்கறப்போதான் விடுதிக்கு போன் கிடைச்சுது.

"அம்மா, மிளகு சாப்பிடுச்சா?"

அந்தப் பக்கம் வாய் நிறைய சோறு. "இப்பத்தான் சார் ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். எழுந்தா அதுவும் எழுந்துடும். அப்புறம் பேசறேன்." டொக்!

சந்தோஷமா பந்திக்கு ஓடினார். பாத்தா, பாயசம் வரைக்கும் காலி, இலை எடுத்தாச்சு. அத்தனை சொந்தக்காரங்க இருந்தும், "நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்க ஒருத்தர் இல்ல.

அவ்வளவுதான். மிளகு தட்டைக் கழுவிக் கவுத்தாச்சு, கதையையும் கவுத்தாச்சு. கண்ணை மூடு.