கட் சொல்லாத காட்சி

"அம்மா, நான் இன்னும் அந்தக் கிணத்துக்குள்ளயேதான் கெடக்கேன்."

வந்ததும் வராததுமாக நடிகன் மதியழகன் இப்படித்தான் ஆரம்பித்தான்.

பூவாத்தா அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆனைமலை அடிவாரத்தில் நாலு ஓலைக் கொட்டகை, இரண்டு சீடர்கள், சொன்ன பேச்சு கேட்காத சில கோழிகள். அதுதான் அவருடைய ஆசிரமம். மதியழகனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவன் அவரைத்தான் குருவாக வரித்திருந்தான்.

"எந்தக் கிணறுங்க?"

"நான் நடிச்ச படத்துல வர்ற கிணறு."

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். யாருமே பார்க்கவில்லை. பாழுங்கிணற்றில் தவறி விழுந்த ஒருவன் உயிர் பிழைக்கப் போராடும் கதை. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை திரையில் ஒரே ஆள், மதியழகன் மட்டும். அதுவரை வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நின்றே காலம் தள்ளியவன், அந்தப் படத்துக்காக உயிரைக் கொடுத்து நடித்தான். படம் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. முதல் நாள் ஆசையோடு தியேட்டருக்குப் போனான். முன்வரிசையில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"படத்துல பொழைச்சுட்டீங்களா?"

"பொழைச்சுட்டேன்மா."

"அப்புறம் என்னங்க?"

"அதுதான் புரியமாட்டேங்குது."

நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு படங்களுக்குக் கூப்பிட்டார்கள். கேமரா ஓடத் தொடங்கியதும் கைகால் விறைத்துக்கொண்டது. வசனம் வரவில்லை. இரண்டு இடத்திலிருந்தும் தலைகுனிந்து திரும்பினான். நாளைக் காலையில் பொள்ளாச்சியில் இன்னொரு படப்பிடிப்பு. இதையும் கோட்டை விட்டால் இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். வேறு தொழிலும் தெரியாது. பயமாக இருந்தது.

"கடைசி நாள் என்னங்க எடுத்தாங்க?"

"பொணமா கெடக்குற காட்சி. மேல இருந்து எட்டிப் பாக்குறவங்க, நான் செத்துட்டேன்னு நெனைக்கணும். அப்புறம் நான் கண் தெறக்கணும். ஆனா கண் தெறக்குறதை முதல் வாரமே எடுத்து முடிச்சுட்டாங்க. அதனால கடைசி நாள் பொணமாவே முடிஞ்சுபோச்சு."

சொல்லிவிட்டு ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளினான்.

"சினிமாவுல ஒரு வழக்கம் இருக்கும்மா. பொணமா நடிச்சவங்க, அந்த ஷாட் முடிஞ்சதும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கணும். இல்லாட்டி ஆகாதும்பாங்க. மேக்கப் போடுற அண்ணன் எவ்வளவோ கெஞ்சினாரு. நான் சிரிக்கலை."

"ஏனுங்க?"

"இப்படி ஒரு நடிப்பைக் கொடுத்துட்டுப் பல்லைக் காட்டணுமான்னு ஒரு திமிருதான்." அவன் கண் கலங்கியது. "அதனாலதான் இப்படி ஆச்சா? இல்ல, யாரும் பாக்காததாலயா? எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அம்மா கீரையை முறத்தில் அள்ளினார்.

"அந்தப் பொணத்தை ஒருக்கா நடிச்சுக் காட்டுங்க."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும், பார்ப்பதற்கு ஒரு ஆளாவது கிடைத்ததே என்று மனசு குளிர்ந்தது. முற்றத்தில் மல்லாந்து படுத்தான். கண்ணை மூடினான். வயிறு அசையாமல் மெல்ல மெல்ல மூச்சு விட்டான்.

வெயில் ஏறியது. எறும்பு கடித்தது. அம்மாவிடமிருந்து பேச்சே இல்லை.

பொறுமையைச் சோதிக்கிறாரோ? சாவைப் பற்றி ஏதாவது பாடமோ? இல்லை, நடிப்புதான் சரியில்லையோ? எதை நினைத்தாலும் அடுத்த நிமிடமே அது தப்பாகத் தோன்றியது.

தண்ணீர்க் குடத்தோடு வந்த சீடர்கள் இருவரும் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"யாருங்கண்ணா இது?"

"அம்மாவைப் பாக்க வந்தவரு. பாவம், அசந்து தூங்குறாரு."

தூக்கமாம்! மதியழகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பிணம் கோபப்பட முடியுமா? முகம் மாறாமல் கிடந்தான்.

மார்பின்மேல் ஏதோ ஏறி நின்றது. அதற்கும் அசையவில்லை.

தாளிக்கிற வாசம் வந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. அதற்குமேல் அவனால் முடியவில்லை.

கண்ணைத் திறக்காமலே கேட்டான். "அம்மா, நீங்க இன்னும் கட் சொல்லவே இல்லையே?"

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"நான் எங்கீங்க பாத்தேன்? நீங்க படுத்ததுமே கீரை கடைய உள்ள வந்துட்டேனுங்க."

மதியழகன் கண்ணைத் திறந்தான்.

மார்பின்மேல் ஒரு கோழி நின்றது. தலையைச் சாய்த்து, கேமரா மாதிரி ஒற்றைக் கண்ணால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபடியே, வாய் நிறையச் சிரித்தான்.

"அம்மா, பொள்ளாச்சிக்கு எப்பம்மா பஸ்?"

"சாயங்காலம் ஒண்ணு இருக்குதுங்க. எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க."