பசியைக் கூட்டி வந்தவள்

மழை பொய்த்துப்போன ஒரு நாட்டில், அரண்மனையில் பாத்திரம் தேய்க்கும் அங்காயி ஒருநாள் ராஜாவின் சபையில் போய் நின்றாள். அவள் புருஷனும் மகளும் அந்தக் கோடையில்தான் கஞ்சியில்லாமல் செத்திருந்தார்கள்.

"ஊரே பசியில் கிடக்கிறது, மகாராஜா. களஞ்சியத்தைத் திறக்கணும்."

மந்திரி சிரித்தார். "பசியாவது! சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை."

ராஜாவுக்கும் வேடிக்கையாக இருந்தது. "நான் பசியைப் பார்த்ததே இல்லை. நாளைக்கு இங்கே கூட்டிக்கொண்டு வா. வந்தால் களஞ்சியம் திறக்கும். வராவிட்டால் நீ நாட்டை விட்டே போய்விட வேண்டும்."

மறுநாள் விடிந்ததுமே அங்காயி வெறுங்கையோடு வந்தாள்.

"பசி வரும், மகாராஜா. ஆனால் சாப்பாடு நடக்கிற இடத்தை அது எட்டிப் பார்க்காது. அது வரும்வரை யாரும் எதையும் வாயில் போடக்கூடாது."

ராஜா சம்மதித்தார். உச்சிப்பொழுது சாய்ந்தது. மாலையும் ஆனது. மந்திரி தூணில் சரிந்துவிட்டார்.

"வயிறு எரிகிறது, கண் இருட்டுகிறது! எங்கேயடி உன் பசி?" என்று கத்தினார் ராஜா.

"வந்துவிட்டதே, மகாராஜா. உங்கள் வயிற்றில்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்களிடம் இன்றைக்குத்தான் வந்தது. ஊருக்குள் வந்தது இன்னும் எழுந்து போகவில்லை."

அன்றைக்கே களஞ்சியம் திறந்தது. தெருத்தெருவாகக் கஞ்சி காய்ச்சினார்கள்.

அங்காயிக்குத் தினமும் அரண்மனைச் சாப்பாடு கொடுத்தனுப்பச் சொன்னார் ராஜா. அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டு, தெருவில் கஞ்சிக்கு நிற்பவர்களோடு போய் நின்றாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியவில்லை.